புத்தகத்தோடு பொருந்தாத கோடு

நாளைக்கு எப்படி மாறும் என்று யாருக்கும் தெரியாத ஒரு தொழிலுக்கு இன்றைக்கு ஒரு மாணவனை எப்படித் தயார் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வானூர்திப் பொறியியல் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அது நியாயமான கேள்விதான். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்றவன் என்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். பதில் இல்லை. நடந்தது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன். அதில் நான் செய்த தவறு எது என்பதையே பல வருடம் நான் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன்.

நிலவில் மனிதன் இறங்கிய செய்தி டீக்கடைகளில் இன்னும் அடங்காமல் இருந்த காலம் அது. காரைக்குடியில் நான் வேலை பார்த்த கல்லூரியில் இயந்திரவியல் உண்டு, மின்னியல் உண்டு, கட்டடவியல் உண்டு. விமானம், ராக்கெட் என்று ஒரு பாடமும் கிடையாது. ஒரு நாள் எங்கள் துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. கேரளக் கடற்கரையில் ராக்கெட் விடும் நிலையத்தார் எழுதியது. அடுத்த வருடம் தென்பக்கக் கல்லூரிகளுக்கு நேரில் வந்து ஆள் எடுப்பார்களாம். எங்கள் கல்லூரியும் பட்டியலில் இருந்தது.

"நம்ம பசங்களத் தயார் பண்ணணும். நீங்கதான் பண்ணப் போறீக," என்றார்.

"எனக்கு விமானத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதே சார்."

"தண்ணி எப்படி ஓடுதுன்னு நடத்துறீகல்ல? காத்தும் ஓடத்தானே செய்யுது. நடத்துங்க."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த நியமனம். அதுவரை நான் ஒரு விமானத்தின் அருகில் போய் நின்றதுகூட இல்லை. மதுரையில் இருந்தபோது தலைக்கு மேலே பறந்ததை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

என்ன சொல்லிக்கொடுப்பது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். நூலகத்தில் விமானத்தைப் பற்றி மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் இரட்டை இறக்கை விமானங்களுக்கு மேல் எதுவும் இல்லை. இன்னொன்றில் இருந்த கணக்குகள் எனக்கே புரியவில்லை. மூன்றாவது சுமாராகப் புரிந்தது. அதனால் அதுதான் சரியான புத்தகம் என்று முடிவு செய்தேன். இது நகைச்சுவைக்காகச் சொல்வது இல்லை. தெரியாத இடத்தில் நிற்கும் ஆசிரியர் தனக்குப் புரிந்ததையே தொழிலுக்குத் தேவையானது என்று நம்பிவிடுவார். நான் நம்பினேன்.

பெங்களூரில் விமானத் தொழிற்சாலை ஒன்றில் இருந்த என் வகுப்புத் தோழனுக்குக் கடிதம் எழுதி, தினமும் அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். "காலையிலிருந்து சாயங்காலம் வரை படிவம் நிரப்புகிறேன். ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு கையெழுத்து" என்று பதில் போட்டான். கேலி செய்கிறான் என்று நினைத்துக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

செட்டிநாடு பக்கத்தில் யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று முள் மண்டிக் கிடந்தது. மாணவர்களை ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப் போனேன். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வெயிலில் வரிசையாக நின்றோம். ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "சார், இதுல என்ன சார் பாக்கணும்?" எனக்கும் தெரியவில்லை. நீளத்தை அடியால் அளக்கச் சொல்லிவிட்டு நிழல் தேடிப் போனேன். நாங்கள் இருந்த நிலைமை அதுதான்.

கடைசியில் ஒரு காற்றுச் சுரங்கம் கட்டலாம் என்று தோன்றியது. பெயர் பெரிது, பொருள் எளிது. நீளமான மரப்பெட்டி. ஒரு முனையில் மோட்டார் வைத்த விசிறி காற்றை இழுக்கும். நடுவில் ஒரு சிறிய இறக்கை மாதிரியை வைத்து, காற்று அதை எவ்வளவு தூக்குகிறது என்று தராசு கட்டி அளக்கலாம். வலையபட்டியில் பிரித்த வீடு ஒன்றிலிருந்து வந்த தேக்குப் பலகைகளை வாங்கி, எங்கள் பட்டறையிலேயே அறுத்துச் சேர்த்தோம். பட்டறைக்காரர்கள் அதைக் காத்துப்பெட்டி என்றார்கள்.

அந்த வேலையில் என்னோடு கடைசிவரை நின்றவர்கள் இருவர். ஒருவன் காஜா மைதீன். காரைக்குடிப் பையன். அவனுடைய அத்தா பினாங்கில் ஒரு துணிக்கடையில் இருந்தார். அதிகம் பேச மாட்டான். ஒரு திருகாணியை முடுக்கினால் இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பான். மற்றவன் சொர்ணலிங்கம். சாக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம், வகுப்பில் முதல் மாணவன். ஆங்கிலத்தில் தடையில்லாமல் பேசுவான். நான் ஒன்று சொன்னால் அவனிடம் மறுபேச்சு இருக்காது. அவன் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான்.

தேர்வு முடிவு வந்தது. இருவரும் நன்றாகத் தேறியிருந்தார்கள். ராக்கெட் நிலையத்தார் வர ஒரு மாதம் இருந்தது. அந்தச் சமயத்தில் சொர்ணலிங்கத்தின் தகப்பனார் என்னைத் தேடி வந்தார். தோளில் துண்டு, கையில் பழுப்பு நிற உறை. பையனுக்கு அரசாங்கக் குடிநீர்த் திட்டத்தில் பொறியாளர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும்.

"இவன் என்னமோ ராக்கெட்டுங்குறான்யா. நீங்க சொன்னீகன்னு இதுக்குப் போக மாட்டேங்குறான். அங்குட்டுப் போனா என்னய்யா வேலை செய்வான்?"

என்ன வேலை? எனக்குத் தெரிந்தால்தானே. "பெரிய ஆராய்ச்சிங்க. நாட்டுக்கே முக்கியமான வேலை," என்றேன்.

"நாட்டுக்கு முக்கியம், சரி. அவனுக்கு நிரந்தரமாய்யா?"

"அவனை மாதிரிப் பையனை விட மாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க படிச்சவுக. சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பதினைந்து நாளும் போயிற்று. உத்தரவு காலாவதியானது.

அதற்குப் பிறகுதான் காற்றுப்பெட்டி மக்கர் செய்தது. இறக்கையின் முன்பக்கத்தைச் சிறிது சிறிதாக மேல்நோக்கிச் சாய்த்துக்கொண்டே போனால், காற்று அதைத் தூக்கும் விசையும் கூடிக்கொண்டே போக வேண்டும். நிறையச் சாய்த்த பிறகுதான் விசை சரிய வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் வளைகோடு இருக்கிறது. எங்கள் பெட்டியில் பாதி வழியிலேயே சரிந்தது. காஜா திரும்பத் திரும்ப அளந்தான். ஒவ்வொரு தடவையும் எட்டுப் புள்ளிகள் புத்தகத்துக் கோட்டுக்குக் கீழே தொங்கின.

நான் தராசைப் பார்த்தேன், மோட்டாரைப் பார்த்தேன், இறக்கையைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் பிடிபடவில்லை. ராக்கெட் நிலையத்தார் வர இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. துறைத் தலைவர் தினமும் வந்து, "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இதைக் காட்டினால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றல்லவா நினைப்பார்கள்? உண்மையில் எங்களுக்குத் தெரியவில்லைதான். ஆனால் அந்த நிமிடத்தில் அப்படி நிதானமாக யோசிக்க முடியவில்லை.

காஜாவைக் கூப்பிட்டேன். "புத்தகத்துல உள்ள மாதிரி வரைஞ்சிரு. பெட்டியில ஏதோ கோளாறு. அவங்க போனப்புறம் பாத்துக்கலாம். அறிக்கையில கையெழுத்துப் போட்டுக் கொண்டா."

நான் நீட்டிய தாளை அவன் கையில் வாங்கவில்லை. "நான் பாத்தது இது இல்லையே சார்."

"நீ பாத்தது தப்பு. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தப்பா இருக்கலாம் சார். ஆனா பாத்தது அதுதானே."

கோபம் வந்தது. அவன் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியாததால் வந்த கோபம் என்று இப்போது தெரிகிறது. வருகிறவர்களுக்குக் காற்றுப்பெட்டியை விளக்கிக் காட்டும் வேலையிலிருந்து அவனை நீக்கினேன். சொர்ணலிங்கத்திடம் தாளைக் கொடுத்தேன். அவன் ஒரு விநாடி தாளையும் என்னையும் பார்த்தான். "சரி சார்" என்றான். அழகாக வரைந்து, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தான்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மூத்தவர், ஐம்பது வயதிருக்கும். தென்காசிப் பக்கத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. மற்றவர் இளைஞர், குறிப்பு எழுதுவதற்கு. காலையில் நேர்முகம் நடந்தது. சொர்ணலிங்கம் போய் வந்த பிறகு துறைத் தலைவரின் முகமே மலர்ந்துவிட்டது. காஜா ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தான். என்ன கேட்டார்கள் என்றதற்கு, "பேரு கேட்டாங்க சார். பெறகு ரெண்டு மூணு கேள்வி. மெதுவாச் சொன்னேன், அதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிட்டாங்க" என்றான்.

பதினோரு மணிக்குப் பட்டறைக்கு வந்தார்கள். சுவரில் வளைகோடு ஒட்டியிருந்தது. சொர்ணலிங்கம் நன்றாக விளக்கினான். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விடும்போது மூத்தவர், "ஒருவாட்டி ஓட்டிக் காட்டுங்களேன்" என்றார்.

விசிறி சுற்றியது. சொர்ணலிங்கம் சாய்வைக் கூட்டிக்கொண்டே போனான். தராசு முள் பாதியில் இறங்க ஆரம்பித்தது. காஜா பார்த்த அதே இடத்தில்தான். மூத்தவர் குனிந்து முள்ளைப் பார்த்தார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "இது அதுல எந்தப் புள்ளி தம்பி?"

சொர்ணலிங்கத்தின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

நான் சொன்னேன்: "இங்கே மின்சாரம் ஏறி இறங்கும் சார். வோல்டேஜ் குறைஞ்சிருக்கு. அதான் காத்து வேகம் பத்தலை."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. ஊரில் வோல்டேஜ் குறையாத நாள் இல்லை என்பதால் யாரும் சந்தேகப்படவும் இல்லை. அவர் தலையை ஆட்டினார். இளைஞர் எதையோ எழுதிக்கொண்டார். எல்லோரும் விருந்தினர் விடுதிக்குச் சாப்பிடப் போனார்கள். முடிவு மூன்று மணிக்கு.

நான் சாப்பிடப் போகவில்லை. பட்டறைக்குள் உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பட்டறையைப் பூட்டுகிற நேரத்தில் காஜா வந்து நின்றான். கையில் ஒரு கட்டு ஊதுபத்தி.

"சார், ஒருவாட்டி ஓட்டிப் பாக்கவா?"

"அதான் முடிஞ்சிருச்சேப்பா."

"இல்ல சார். அங்க நின்னு பாத்துக்கிட்டிருந்தப்பத் தோணுச்சு. பெட்டிக்கு உள்ளயே பாத்துக்கிட்டு இருக்கோம். வெளிய ஒருவாட்டிகூடப் பாக்கலியே சார்."

விசிறியைப் போட்டான். ஒரு பத்தியைக் கொளுத்தி, பெட்டியின் வெளிப்பக்கத்தில் பலகைகள் சேரும் இடங்களில் மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தான். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. இறக்கை இருந்த இடத்துக்குச் சற்று முன்னால், கீழ் மூலையில், புகை சட்டென்று வளைந்து பலகைக்குள் போயிற்று. யாரோ உள்ளிருந்து உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. இடுக்கை அடைக்கப் பூசிய மக்கு அந்தக் கோடை வெயிலில் காய்ந்து விரிந்திருந்தது. நகக்கண் அளவு விரிசல். வெளிக்காற்று அதன் வழியே உள்ளே புகுந்து இறக்கைமேல் போகும் ஓட்டத்தைக் கலைத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் புத்தகம் சரி. காஜா பார்த்ததும் சரி. பெட்டியும் தன்னிடம் உள்ளதை உள்ளபடியே சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டறையில் தவறாக இருந்தது நான் வரையச் சொன்ன அந்த ஒரு கோடு மட்டும்தான்.

அவன் பத்தியைப் பிடித்தபடி, சிரிப்பை அடக்க முடியாமல் என்னைப் பார்த்தான். அவனை விலக்கியதைப் பற்றி முகத்தில் ஒன்றும் இல்லை. விரிசல் கிடைத்த சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

விடுதிக்குப் போகும் வழியில் துறைத் தலைவர் எதிரே வந்தார். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இப்பப் போயி என்னத்தச் சொல்லப் போறீக? சொர்ணலிங்கத்துக்கு ஏறக்கொறைய முடிவாயிருச்சு. பெரியவரே என்கிட்டச் சொன்னாக. கைக்கு வந்ததத் தட்டிவிடப் போறீகளா?"

"காஜா பத்து நாளா அளந்தது சார்."

"அவனுக்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம். நீங்க போயிச் சொன்னா இவனும் போவான், அவனும் போவான், காலேஜ் பேரும் போகும். யாருக்கு என்ன லாபம்? நீங்களே சொல்லுங்க."

அவர் கெட்டவர் இல்லை. மூன்று பையன்களுக்காவது அவர் கைப்பிடித்து வேலை வாங்கிக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் கால் விடுதியை நோக்கியே போயிற்று. உண்மையின்மேல் இருந்த பற்றினால்தான் போனேன் என்று அப்போது நினைத்தேன். உள்ளே கிடந்து உறுத்தியதை இறக்கி வைத்தால் போதும் என்றுதான் ஓடினேனோ என்று பிறகு தோன்றியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தேதான் இருந்திருக்க வேண்டும்.

மூத்தவர் மோர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சார், காலையில நான் சொன்னது பொய். வோல்டேஜ் இல்லை. அந்தக் கோடே பொய். நான்தான் வரையச் சொன்னேன்." மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

அவர் சாப்பாட்டை நிறுத்தவில்லை. இலையில் இருந்ததை முடித்தார். எழுந்து கை கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே, "விரிசலைக் காட்டுங்க" என்றார்.

பட்டறையில் காஜா மறுபடி பத்தி கொளுத்தினான். அந்த மனிதர் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து அந்தப் புகையையே பார்த்தார். அவனிடம் என்னென்னவோ கேட்டார். காலையில் ஐந்து நிமிடத்தில் முடிந்த நேர்முகம் அப்போது அரை மணிக்கு மேல் நடந்தது. காஜா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பிறகு சொர்ணலிங்கத்தைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

அவன் கல்லூரி உணவகத்திலிருந்து வந்தான். நண்பர்கள் அதற்குள் வாழ்த்தியிருப்பார்கள் போலிருக்கிறது, முகத்தில் சிரிப்பு இருந்தது. உள்ளே புகையையும், மண்டி போட்டிருந்த பெரியவரையும், என் முகத்தையும் பார்த்தான். சிரிப்பு போயிற்று.

"சுவர்ல இருக்கற கோடு நீங்க போட்டதா தம்பி?"

"ஆமா சார்."

"அளந்து போட்டதா?"

நான் குறுக்கே புகுந்தேன். "நான் சொல்லித்தான் சார் அவன்..."

"உங்களக் கேக்கல," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்," என்றான் சொர்ணலிங்கம். ஆசிரியர் சொன்னார் என்று சொல்லவில்லை. வேறு வழி இல்லை என்று சொல்லவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

மூன்று மணிக்கு ஒரே பெயர் வந்தது. காஜா மைதீன். சொர்ணலிங்கத்திடம் மூத்தவர், "அடுத்த வருசம் விண்ணப்பம் போடுங்க தம்பி. நிச்சயமாப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் போடவில்லை. ஒரு வருடம் வீட்டில் இருந்தான். தகப்பனாரோடு வயலுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். நான் இரண்டு தடவை கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நேரில் போகத் தைரியம் வரவில்லை. அவன் தகப்பனார் என்னிடம் வந்து கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அடுத்த வருடம் அதே குடிநீர்த் திட்ட வேலைக்கு மறுபடி தேர்வாகிச் சேர்ந்தான், முந்தின வருடமே சேர்ந்துவிட்ட கூடப் படித்தவர்களுக்குக் கீழே.

துறைத் தலைவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் தேநீர் வேளையில், "நீங்க செஞ்சது சரியா தப்பான்னு எனக்கு வெளங்கல. ராத்திரிக்கு ஒண்ணு தோணுது, பகலுக்கு ஒண்ணு தோணுது" என்றார். எனக்கும் அப்படித்தான் என்றேன். அதோடு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ராக்கெட் நிலையத்தார் மறு வருடமும் வந்தார்கள். அவர் பயந்த மாதிரி கல்லூரியின் பேர் போகவில்லை.

காஜா அங்கிருந்து கடிதம் எழுதுவான். "இங்கே பல விஷயத்துக்குப் புத்தகமே இல்லை சார். கேட்டால், நீ பார்த்து எழுதினால் அதுதான் புத்தகம் என்கிறார்கள். முதல் மூன்று மாதம் பயமாக இருந்தது" என்று ஒரு தடவை எழுதினான். நான் நடத்திய கணக்குகளில் ஏதாவது உதவியதா என்று கேட்டு எழுதினேன். மரியாதையாக அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டான்.

அந்த நாட்களில் யாராவது கேட்டால் இந்தக் கதையை இரண்டு பாடமாகச் சொல்வேன். ஒன்று, அளந்ததை மாற்றாதே. இரண்டு, மாற்றிவிட்டால் தாமதிக்காமல் போய் ஒப்புக்கொள். இரண்டாவதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். ஒரு பையனுடைய வாழ்க்கை அதில் தடம் மாறிவிட்டதே என்ற வருத்தம் இருந்தது. ஆனால் உண்மைக்கு அப்படி ஒரு விலை உண்டு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். விலை கொடுத்தது நானல்ல என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

ஏழெட்டு வருடம் கழித்துப் பள்ளத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். திரும்பும்போது காரைக்குடி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சாலையோரத்தில் புதிதாகக் கட்டிய மேல்நிலைத் தொட்டி, கீழே மோட்டார் அறை. வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்தது. நான்கைந்து பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். உள்ளே அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். சொர்ணலிங்கம். நெற்றியில் முடி ஏறியிருந்தது.

"சார்! எங்க சார் இங்குட்டு?" அவனே வெளியே வந்து, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ வாங்கி வரச் சொன்னான். கல்யாணம் ஆகி இரண்டு பெண் குழந்தைகள் என்றான். தகப்பனார் நன்றாக இருக்கிறார் என்றான். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"சொர்ணலிங்கம், உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்ப்பா. அந்தக் கோட்டை உன்னை வரையச் சொன்னது நான். உன் வேலையைக் கெடுத்தது நான்."

அவன் உடனே மறுத்தான். "அது பெரிய விசயமில்ல சார். நீங்க சொன்னீக, நான் போட்டேன். எனக்கும் அது தப்புன்னு தெரியும். அப்பவே இருவத்தோரு வயசு ஆயிருச்சு, கைய யாரு புடிச்சா? அதுக்கு நீங்க மன்னிப்புக் கேக்க வேணாம்."

"அப்ப நான் போய் அவங்ககிட்டச் சொன்னதுதான் உனக்கு வருத்தமா?"

"சொன்னதும் சரிதான் சார். சொல்லத்தான் வேணும்."

எனக்குப் புரியவில்லை. இரண்டும் இல்லையென்றால் பின்னே ஏன் ஒரு கடிதத்துக்கும் பதில் போடவில்லை? அதையே கேட்டேன். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வெளியே காத்திருந்த பெண்களைப் பார்த்தபடி சொன்னான்.

"அன்னைக்கு மத்தியானம் நான் கேண்டீன்லதான் சார் உக்காந்திருந்தேன். ஒங்களுக்குத் தெரியும். பட்டறையிலருந்து எட்டிக் கூப்பிட்டாக் கேக்கும். நீங்க மொதல்ல காஜாகிட்டப் பேசுனீக. பெறகு ஹெச்சோடிகிட்டப் பேசுனீக. பெறகு அந்தப் பெரியவர்கிட்டப் போனீக. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தீகன்னா, நானே வந்து என் வாயால சொல்லிருப்பேன் சார். வேலை போனாலும், சொன்னவன் நானா இருந்திருப்பேன். அந்த ஒண்ணத்தான் நீங்க எனக்கு விட்டு வைக்கல."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. வெகுநாள் யோசித்து வைத்ததை எடுத்துக் கொடுக்கிற மாதிரிச் சொன்னான். அந்த மத்தியானத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கோடு, பொய், விரிசல், துறைத் தலைவர், மோர்ச்சாதம் எல்லாம் ஞாபகம் வந்திருக்கிறது. அவனைப் போய்க் கூப்பிட்டிருக்கலாம் என்பது மட்டும் ஒரு தடவைகூட வந்ததில்லை. பொய்யைச் சொல்ல அவன் கையைப் பயன்படுத்தினேன். உண்மையைச் சொல்லும்போது அவன் அங்கே இருப்பதையே மறந்துபோனேன்.

எப்படித் தயார் செய்வது என்று கேட்டீர்கள். அவர்கள் போகப்போகிற தொழில் நாளைக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

அன்றைக்கு, நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்தது. அவன் பஸ் வாசல்வரை வந்து ஏற்றிவிட்டான். ஜன்னல் வழியாக, "போய்ச் சேந்ததும் ஒரு கடுதாசி போடுங்க சார். இந்தத் தடவை பதில் போடுறேன்" என்றான். அதற்குள் மோட்டார் அறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டதாம். அவன் ஓடினான்.